கங்கும் காற்றும்: செராமிக் அடுப்பில் கரி மூட்டுவதும் சூட்டை நிறுத்துவதும்

செராமிக் கிரில் ஒன்றைப் புதிதாக வாங்கியவர்கள் முதல் நாளில் படும் பாடு பெரும்பாலும் ஒரே மாதிரியானது. பன்றியின் தோள்பட்டை இறைச்சியை 120 டிகிரி செல்சியஸில் நாள் முழுக்க மெதுவாக வேகவைக்கலாம் என்று எண்ணிக் கரியை மூட்டி, மூடியை மூடிவிட்டு, மசாலா தடவ உள்ளே போகிறார்கள். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் மூடியிலுள்ள வெப்பமானி 230 காட்டுகிறது. பதறிப்போய்க் காற்றுத் திறப்புகள் எல்லாவற்றையும் அடைத்தாலும், ஒரு மணி நேரம் ஆகியும் முள் 180-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. அடுப்பில் ஏதோ கோளாறு என்று தோன்றிவிடும். உண்மையில் அந்த அடுப்பு தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது: வாங்கிய சூட்டை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அதை எப்படிச் செய்கிறது, அந்தக் குணத்தை நமக்குச் சாதகமாக எப்படித் திருப்பிக்கொள்வது என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

இவ்வகை அடுப்பைக் கமாடோ என்றும் சொல்வார்கள். ஜப்பானிய மொழியில் கமாடோ என்றால் அடுப்பு என்றுதான் பொருள். சோறு வேகவைப்பதற்கென்று ஜப்பானில் புழங்கிய, குவிந்த மூடி கொண்ட ‘முஷிகமாடோ’ என்ற மண்ணடுப்பை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே பணியாற்றிய அமெரிக்கப் படைவீரர்கள் தங்கள் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 1974-இல் எட் ஃபிஷர் என்பவர் அட்லாண்டாவில் தொடங்கிய கடையிலிருந்து வளர்ந்ததுதான் இவ்வகை அடுப்புகளை விற்கும் பிக் கிரீன் எக் நிறுவனம். தொடக்க கால மண்ணடுப்புகள் நாளடைவில் விரிசல் விட்டதால், உயர்ந்த வெப்பத்தைத் தாங்கும் செராமிக் அந்த இடத்தைப் பிடித்தது. இன்று அமெரிக்காவின் தென் மாநிலங்களில் எத்தனையோ வீடுகளின் பின்கட்டில் இப்படி ஒரு முட்டை வடிவ அடுப்பைப் பார்க்கலாம். அட்லாண்டாவுக்கு வெளியே உள்ள என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

அதன் உள்ளமைப்பை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிடுவது நல்லது. அடியில், ஒரு பக்கமாக, இழுத்துத் திறக்கும் சிறிய கதவு இருக்கிறது. காற்று உள்ளே நுழைவது அந்த வழியாகத்தான். அதற்கு மேலே துளைகள் உள்ள இரும்புத் தட்டு. அந்தத் தட்டின் மீது, கிண்ணம் போன்ற செராமிக் கூட்டுக்குள் கரி கிடக்கும். கரிக்கு மேலே, தேவைப்பட்டால், நேரடி அனலை மறைக்கும் வெப்பத் தடுப்புக் கல்லை வைக்கலாம். அதற்கும் மேலே உணவு வைக்கும் கம்பித்தட்டு. எல்லாவற்றையும் மூடும் குவிந்த மூடியின் உச்சியில், திருகியோ நகர்த்தியோ அளவு மாற்றக்கூடிய இன்னொரு திறப்பு உண்டு. உடலும் மூடியும் சந்திக்கும் விளிம்பில் ஒட்டியிருக்கும் பட்டை, இடுக்கு வழியாகக் காற்று புகாமல் பார்த்துக்கொள்கிறது. ஆக, காற்று வருவதற்கு ஒரு வழி, போவதற்கு ஒரு வழி. வேறு வழி கிடையாது. சூட்டைக் கட்டுப்படுத்தும் பொறி என்று இந்த அடுப்பில் இருப்பவை இந்த இரண்டு திறப்புகள் மட்டுமே.

இனி கரிக்கு வருவோம். கடைகளில் இரண்டு வகைக் கரி கிடைக்கிறது. ஒன்று, கரித்தூளை மாவுச்சத்துப் பசையோடு சேர்த்து அச்சில் அழுத்திச் செய்த பிரிக்கெட். எல்லாத் துண்டும் ஒரே அளவில் தலையணை போல இருக்கும். மற்றது, மரத்தைப் போதிய காற்றில்லாமல் சுட்டு எடுத்த, மரத்தின் உருவம் மாறாத கட்டிக்கரி. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி மண்ணால் மூடிக் கரிமூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே மூட்டத்தைப் பிரித்து எடுப்பதுதான் கட்டிக்கரி. அமெரிக்கக் கடைகளில் மெஸ்கீட் என்ற பெயரில் விற்கும் கரியும் அதே சீமைக்கருவேல இனத்தைச் சேர்ந்த மரங்களிலிருந்து வருவதுதான். அது பற்றும்போது படபடவென்று பொறி பறக்கும் என்பதால், புதியவர்கள் ஓக் அல்லது ஹிக்கரி மரக் கரியில் தொடங்குவது நல்லது.

செராமிக் அடுப்புக்குக் கட்டிக்கரியே பொருத்தம் என்று சொல்வதற்குக் காரணம் சாம்பல். பிரிக்கெட்டில் சாம்பல் அதிகம். பத்து, பன்னிரண்டு மணி நேரம் எரியும்போது அந்தச் சாம்பல் கீழே இறங்கித் தட்டின் துளைகளை அடைத்துவிட்டால், அடுப்புக்கு மூச்சு முட்டுகிறது. கட்டிக்கரியில் மிஞ்சும் சாம்பல் கொஞ்சம்தான். காற்றுக்குச் சட்டென்று மசிந்து கொடுப்பதும் அதுதான்; திறந்தால் எழும், அடைத்தால் அடங்கும். அதன் ஒரே குறை, பையைப் பிரித்தால் உள்ளங்கை அகலத் துண்டும் உதிர்ந்த தூளும் கலந்தே வரும் என்பது. நான் பையை அப்படியே கவிழ்ப்பதில்லை. பெரிய துண்டுகளைக் கையால் எடுத்துத் தட்டின் துளைகளை மறைக்காதபடி அடியில் பரப்பி, நடுத்தரத் துண்டுகளை மேலே போட்டு, பையின் அடியில் தங்கும் தூளை ஒதுக்கிவிடுகிறேன். கை கருப்பாகும், ஆனால் இரவு இரண்டு மணிக்குத் தீ அணைந்துபோகாமல் இருக்கும்.

இப்போது இந்தக் கலையின் அடிப்படையைச் சொல்லவேண்டும். 110 டிகிரியில் சமைக்கும்போது கங்கும் 110 டிகிரியில்தான் இருக்கும் என்று பலர் தம்மையறியாமல் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. சிவந்து கனலும் கங்கின் சூடு 700 டிகிரியைத் தாண்டும். அடுப்பு 110-இல் நின்றாலும் சரி, 350-இல் நின்றாலும் சரி, சிவந்த கங்கு சிவந்த கங்குதான். வேறுபடுவது பெரும்பாலும் எத்தனை துண்டுகள் கனலுகின்றன என்பதே. குறைந்த சூட்டில் சமைக்கும்போது ஒரு கை அளவுக் கங்கு மட்டும் உயிரோடு இருக்கிறது. சுற்றியுள்ள கரி தன் முறைக்காகக் கருப்பாகக் காத்துக்கிடக்கிறது. எத்தனை துண்டுகள் ஒரே நேரத்தில் கனலலாம் என்பதைத் தீர்மானிப்பது உள்ளே வரும் காற்று. அதனால், கரியின் அளவு எவ்வளவு நேரம் எரியும் என்பதைச் சொல்கிறது. காற்றின் அளவு எவ்வளவு சூடு வரும் என்பதைச் சொல்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் ‘சூடு கூடிவிடுமே’ என்று பயந்து கரியைக் குறைத்துப் போட்டு, நடுவழியில் தீ இல்லாமல் தவிக்கிறார்கள். கிண்ணத்தை நிறையவே நிரப்பலாம். காற்று கையில் இருக்கும்வரை பயமில்லை.

கரி வைத்த இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். பெட்டியின் பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும். உள்ளே கொட்டாங்கச்சிக் கரி நீறு பூத்துக் கிடக்கும். தேய்ப்பவர் பெட்டியைத் தூக்கி முன்னும் பின்னும் இரண்டு வீச்சு வீசினால் துளைகளின் வழியே காற்று பாய்ந்து, சாம்பல் பறந்து, கங்கு மறுபடி சிவக்கும். அங்கே கையின் வீச்சு செய்யும் வேலையை இங்கே புகைபோக்கித் தத்துவம் செய்கிறது. சூடான காற்று எடை குறைந்தது என்பதால் மேல் திறப்பு வழியாக எழுந்து வெளியேறுகிறது. அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்பக் கீழ்த் திறப்பு வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. சூடு கூடக் கூட இந்த இழுவையும் கூடும். இழுவை கூடினால் தீ வளரும். தீ வளர்ந்தால் சூடு மேலும் கூடும். தடுக்க ஆளில்லாவிட்டால் அடுப்பு தானாகவே மேலே ஏறிக்கொண்டு போவது இதனால்தான். தொடக்கத்தில் சொன்ன 230 டிகிரியின் பிறப்பிடம் இதுவே.

எவ்வளவு காற்று வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது பயனுள்ளது. ஒரு கிலோ கரிமம் முழுதாக எரிய ஏறத்தாழ 2.7 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அதைக் கொடுக்க ஏறத்தாழ 11.5 கிலோ காற்று, அதாவது ஒன்பதரை கன மீட்டர் காற்று தேவை. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஓர் அறையின் காற்று முழுவதும் மூன்று கிலோ கரிக்குத்தான் சரியாக இருக்கும். அதே மூன்று கிலோவைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பரப்பிப் பார்த்தால், கணக்குப்படி நொடிக்கு முக்கால் லிட்டர் காற்றுகூடத் தேவைப்படவில்லை. ஓய்வாக இருக்கும்போது நாம் விடும் மூச்சைப்போல ஐந்தாறு மடங்கு ஓட்டம், அவ்வளவுதான். கீழ்க் கதவைச் சுண்டுவிரல்கூட நுழையாத இடைவெளியில் வைத்தால் போதும் என்று அனுபவசாலிகள் சொல்லும்போது புதியவர்களுக்கு நம்பிக்கை வருவதில்லை. இந்தக் கணக்கைப் பார்த்தபின் எனக்கு வந்தது.

இவ்வளவு சிறிய தீயால் அவ்வளவு பெரிய அடுப்பைச் சூடாக வைத்திருக்க முடிவதற்குக் காரணம், கனத்த செராமிக் சுவர் வெப்பத்தை எளிதில் வெளியே கடத்துவதில்லை என்பதே. நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற அளவுள்ள ஒரு கமாடோவின் எடை 70 கிலோவைத் தாண்டும். மெல்லிய இரும்புத் தகட்டால் ஆன அடுப்பு, கிடைக்கும் சூட்டில் பெரும்பங்கைச் சுற்றுப்புறத்துக்கு விட்டுவிடுகிறது. அதை ஈடுகட்டப் பெரிய தீயும் நிறையக் காற்றோட்டமும் வேண்டியிருக்கிறது. அந்தக் காற்று இறைச்சியின் மீது வீசி ஈரத்தை எடுத்துக்கொண்டே போகும். செராமிக் அடுப்பில் தீ சிறியது, அதனால் காற்றோட்டமும் சிறியது, அதனால் இறைச்சியில் ஈரம் தங்குகிறது. இவ்வடுப்பில் சமைத்தது சாறோடு இருக்கிறது என்று எல்லோரும் வியப்பதன் மூலகாரணம் இந்தச் சங்கிலிதான். ஆனால் அதே கனத்த சுவருக்கு மறுபக்கமும் உண்டு. ஒருமுறை அளவுக்கு மேல் சூடாகிவிட்டால், தீயை அடக்கினாலும் சுவருக்குள் ஏறிய சூடு மணிக்கணக்கில் உள்ளே வழிந்துகொண்டிருக்கும். ஏற்றுவது எளிது, இறக்குவது கடினம். எனவே இந்த அடுப்பில் வேண்டிய சூட்டை எப்போதும் கீழிருந்து மெல்ல மெல்ல நெருங்கவேண்டும். தாண்டிச்சென்று திரும்பிவரலாம் என்ற எண்ணமே கூடாது.

பற்றவைக்கும் முறைக்கு வருவோம். முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன்: மண்ணெண்ணெயோ, கரி பற்றவைக்கவென்று விற்கும் திரவமோ இந்த அடுப்பின் பக்கமே வரக்கூடாது. அவற்றின் வாடை செராமிக்கில் இறங்கிவிட்டால் பிறகு எத்தனை முறை சமைத்தாலும் அது உணவில் தலைகாட்டும். மெழுகில் தோய்ந்த மரத்தூள் கட்டி, மெழுகு தடவிய மரச்சுருள், மின்கம்பிப் பற்றவைப்பான் ஆகிய மூன்றில் எது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். வேறு அடுப்புகளில் பயன்படும் உருளை வடிவப் புகைக்கூண்டில் கரியை மூட்டி மொத்தமாகக் கொட்டுவதும் உண்டு. ஸ்டேக் என்னும் தடித்த இறைச்சித் துண்டைப் போல அதிக சூட்டில் சுடுவதற்கு அது ஏற்றது, மெதுவான சமையலுக்கு ஆகாது. ஏனென்றால் அப்படிக் கொட்டினால் கை நிறையத் தேவைப்பட்ட கங்கு கூடை நிறைய வந்துவிடுகிறது.

மெதுவான சமையலுக்கு நான் செய்வது இது. கீழ்க் கதவை முழுதாகத் திறக்கிறேன். மேல் மூடியையும் திறந்து வைக்கிறேன். குவித்த கரியின் நடு உச்சியில் முட்டை வைக்கும் அளவுக்கு ஒரு குழி செய்து, அதில் ஒரே ஒரு மெழுகுக் கட்டியை வைத்துப் பற்றவைத்து, சின்னச் சின்னக் கரித்துண்டுகள் நான்கைந்தை அதன் மேல் கூரைபோலச் சாய்த்து வைக்கிறேன். அதோடு கையை எடுத்துவிடவேண்டும். ஊதவோ விசிறவோ வேண்டாம். எட்டு, பத்து நிமிடங்களில் மெழுகு எரிந்து தீர்ந்து, அதன் மேல் கிடந்த துண்டுகளின் ஓரங்களில் வெள்ளை விளிம்பு கட்டத் தொடங்கும். அருகில் குனிந்தால் கண்ணாடித் துகள் உரசுவதுபோன்ற மெல்லிய கிணுகிணுப்பு கேட்கும். கிரிக்கெட் பந்து அளவுக்குக் கங்கு உருவானதும் மூடியை மூடும் நேரம் வந்துவிட்டது.

உச்சியில் ஒரே இடத்தில் மூட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. கரித்தீ காற்று வரும் திசையை நோக்கி நகரும். காற்று கீழிருந்து வருவதால், உச்சியில் வைத்த தீ அடியை நோக்கி மெதுவாக இறங்கிக்கொண்டே புதிய கரியைப் பற்றுகிறது. குவியல் முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்வதில்லை. கோழியை 180 டிகிரியில் சுடவோ, பீட்சாவுக்காக 300 டிகிரிக்கு ஏற்றவோ வேண்டுமானால் நிலைமை வேறு. அப்போது மூன்று இடங்களில் மூட்டினால்தான் பெரிய தீ விரைவில் வரும். எங்கே மூட்டுகிறோம், எத்தனை இடத்தில் மூட்டுகிறோம் என்பதிலேயே அன்றைய சமையலின் சூடு பாதி முடிவாகிவிடுகிறது.

மூடியை மூடியதும் கீழ்க் கதவும் மேல் திறப்பும் முழுதாகத் திறந்தே இருக்கட்டும். முள் நகரத் தொடங்கும். இங்கேதான் பக்கத்தில் நிற்கவேண்டும். 110 முதல் 120 டிகிரி, அதாவது ஃபாரன்ஹீட் கணக்கில் 225 முதல் 250, இலக்கென்றால், முள் 80 டிகிரியைத் தொடும்போதே கீழ்க் கதவைப் பாதியாக அடைக்கிறேன். 95-ஐத் தொட்டதும் கீழே ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைத்து, மேல் திறப்பை நகக்கீற்று அளவு மட்டும் விட்டு மூடுகிறேன். அதன்பின் கடைசி பதினைந்து டிகிரிகளை அடுப்பு தானே ஏறி முடிக்கும். அதற்கு இருபது நிமிடமோ முப்பது நிமிடமோ ஆகலாம். இந்த நேரத்தில் பொறுமையிழந்து திறப்பைச் சற்றுக் கூட்டுவதுதான் அளவைத் தாண்டிப்போவதற்கு முதல் காரணம்.

ஒரு திறப்பை மாற்றினால் அதன் பலன் உடனே தெரியாது. காற்று மாறி, கங்கின் அளவு மாறி, அந்தச் சூட்டைச் சுவர் உள்வாங்கி, வெப்பமானியின் கம்பி அதை உணர்ந்து முள்ளை நகர்த்தப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் ஆகும். அதற்குள் இன்னொரு மாற்றம் செய்தால் எந்த மாற்றத்தால் எது நடந்தது என்று தெரியாமல் போய்விடும். ஒரு மாற்றம், பிறகு கால் மணி நேரக் காத்திருப்பு என்பதை விரதம்போல் கடைப்பிடித்தால் முதல் மாதத்திலேயே அடுப்பு வசப்படும். இரண்டு திறப்புகளில் கீழ்த் திறப்பைப் பெரிய மாற்றத்துக்கும் மேல் திறப்பை நுணுக்கமான மாற்றத்துக்கும் வைத்துக்கொள்வது எனக்கு எளிதாக இருக்கிறது. எந்தச் சூட்டுக்கு எந்தத் திறப்பு எவ்வளவு என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைக்கவும். என் அடுப்பின் அளவு உங்கள் அடுப்புக்கு அப்படியே பொருந்தாது. காற்றடிக்கும் நாளும் அமைதியான நாளும்கூட ஒன்றாக இருப்பதில்லை.

முள் இலக்கைத் தொட்டுவிட்டது என்பதால் உணவை உடனே உள்ளே வைத்துவிடக் கூடாது. புதிதாகப் பற்றிய கரியிலிருந்து முதலில் வெள்ளையாக, அடர்த்தியாக, மூக்கை எரிக்கும் புகை வரும். கரிமூட்டத்தில் முழுதாக வேகாத மரத்தின் மிச்சம் அது. அந்தப் புகையில் வைத்த இறைச்சி கசக்கும். நாக்கில் ஒரு கரிப்பு தங்கும். புகை மெலிந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாய் இளநீலமாக மாறும்வரை அரை மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்கவேண்டும். மேல் திறப்புக்குச் சற்று மேலே கையை வீசி, அந்தக் கையை முகர்ந்து பார்ப்பது என் வழக்கம்: வாடை மூக்குக்கு இதமாக இருந்தால் உணவுக்கும் இதமாக இருக்கும். இந்தக் காத்திருப்பில் சுவரும் முழுதாகச் சூடேறிவிடுவதால், பிறகு மூடியைத் திறந்து மூடினாலும் அடுப்பு சில நிமிடங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். மூடியைத் திறந்ததும் முள் சரிவதைப் பார்த்துக் காற்றைக் கூட்டிவிடாதீர்கள். மூடியபின் கொஞ்ச நேரம் பொறுத்துப் பாருங்கள், தானே ஏறும்.

வெப்பமானியைப் பற்றியும் ஒரு சொல். மூடியில் செருகியிருக்கும் கம்பி அளப்பது கூரையின் அடியில் உள்ள காற்றை. இறைச்சி இருப்பதோ அதற்குக் கீழே கம்பித்தட்டில். சமையலின் தொடக்கத்தில் இவ்விரண்டுக்கும் இடையே பத்து, இருபது டிகிரி வேறுபாடு இருப்பது இயல்பு. நேரம் போகப் போக இடைவெளி குறையும். வாங்கிய புதிதில் அந்தக் கம்பியைக் கழற்றிக் கொதிக்கும் நீரில் பிடித்து, 100 டிகிரி காட்டுகிறதா என்று பார்த்துவிடவும். மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு நீர் அதற்கும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

நீண்ட நேரச் சமையலில் புதியவர்களை ஏமாற்றும் ஒரு கட்டம் உண்டு. தோள்பட்டை இறைச்சியின் உட்சூடு சீராக ஏறி வந்து, 65 முதல் 75 டிகிரிக்குள் எங்கேயோ நின்றுவிடும். இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் அசையாது. தீ அணைகிறது என்று நினைத்துக் காற்றைத் திறந்துவிடுகிறார்கள். தீயின் மீது பழி இல்லை. இறைச்சியின் மேற்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகும்போது, வியர்வை நம் உடலைக் குளிர்விப்பதுபோல இறைச்சியையும் குளிர்விக்கிறது. வரும் சூடும் போகும் சூடும் சமமாக இருக்கும்வரை உட்சூடு நிற்கும். அடுப்பின் வெப்பமானி இலக்கில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விலகி இருந்தால், ஈரம் குறைந்ததும் ஏற்றம் தானே தொடங்கி, தசைநார்கள் கரைந்து இறைச்சி நூலாகப் பிரியும் 93 டிகிரிக்கு வந்து சேரும்.

அளவுக்கு மேல் சூடாகிவிட்டால் என்ன செய்வது? பத்து டிகிரி கூடுதலென்றால் ஒன்றும் செய்யவேண்டாம். சமையலுக்கு எந்தக் கெடுதலும் வராது. நாற்பது, ஐம்பது டிகிரி கூடிவிட்டால் இரண்டு திறப்புகளையும் மயிரிழை அளவுக்குக் குறைத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். சூட்டை வெளியேற்றுவதாக எண்ணி மூடியைத் திறந்து வைப்பது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதுதான்; உள்ளே போகும் காற்றில் கருப்பாகக் கிடந்த கரியெல்லாம் சிவந்துவிடும். தண்ணீரைத் தெளிக்கவே கூடாது: சூடான செராமிக் விரிசல் விட ஒரு குவளைத் தண்ணீர் போதும். மாறாக, சூடு ஏறவே மறுத்தால் பெரும்பாலும் துளைத்தட்டு அடைபட்டிருக்கும். கீழ்க் கதவு வழியாக வளைந்த கம்பி ஒன்றை விட்டுத் துளைகளைக் குத்திவிட்டால், தூள் உதிர்ந்து ஐந்து நிமிடத்தில் முள் அசையத் தொடங்கும். மழையில் நனைந்த, அல்லது பை திறந்தபடி மாதக்கணக்கில் கிடந்து ஈரம் குடித்த கரியும் இதே தொல்லையைத் தரும்.

எச்சரிக்கையாகச் சொல்லவேண்டியவை இரண்டு. முதலாவது, அதிக சூட்டில் மூடியைத் திறப்பது. 300 டிகிரியில் எரியும் அடுப்பின் காற்றை அடைத்துவைத்திருக்கும்போது, உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து, எரியாத வாயுக்கள் சூடாகத் தேங்கி நிற்கும். மூடியைச் சட்டென்று தூக்கினால் புதுக்காற்று பாய்ந்து, அவ்வளவும் ஒரே நொடியில் பற்றி முகத்தை நோக்கி எழும். ஒருமுறை ஸ்டேக்கைத் திருப்பும் அவசரத்தில் நான் அப்படித் தூக்கியதில், முழங்கை வரை வலக்கை முடி கருகிப்போனது. முகம் இன்னும் அரையடி முன்னால் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். மூடியை இரண்டு அங்குலம் மட்டும் உயர்த்தி, சில நொடி நிறுத்தி, இறக்கி, மறுபடி உயர்த்தி, இப்படி இரண்டு மூன்று முறை அடுப்பை மூச்சு விடச் செய்தபின் முழுதாகத் திறக்கவேண்டும். கனத்த கையுறை கட்டாயம். இரண்டாவது, கார்பன் மோனாக்சைடு. காற்றைக் குறைத்து எரிக்கும் கரியிலிருந்து நிறமும் மணமும் இல்லாத இந்த நச்சு வாயு எப்போதும் வந்துகொண்டிருக்கும். மழை பெய்கிறதென்றோ குளிர்கிறதென்றோ அடுப்பைக் கார் நிறுத்தும் கூடத்துக்குள்ளோ அடைத்த வராந்தாவுக்குள்ளோ இழுத்து வைக்கவே கூடாது, கதவு திறந்திருந்தாலும்.

புது அடுப்பாக இருந்தால் முதல் சில சமையல்களைக் குறைந்த சூட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது. மூடி விளிம்பிலுள்ள பட்டையின் பசை இறுக அதற்கு நேரம் வேண்டும். பசை இளகிப் பட்டை பெயர்ந்தால் காற்று இடுக்கு வழியாக உள்ளே வரும். பிறகு திறப்புகளை எப்படித் திருப்பினாலும் சூடு சொன்னபடி கேட்காது.

சமைத்து முடித்ததும் இரண்டு திறப்புகளையும் முழுதாக அடைத்துவிட்டால் போதும். தீ மூச்சுத்திணறி அடங்கும், ஆனால் உடனே அல்ல. சுவர் கைபொறுக்கும் சூட்டுக்கு வரப் பல மணி நேரம் ஆகும், அதிக சூட்டில் எரிந்த அடுப்பென்றால் மறுநாள் காலைவரைகூட ஆகலாம். அதுவரை சாம்பலை அள்ள வேண்டாம். அள்ளும்போதும் நீறுக்கு அடியில் கங்கு உயிரோடு இருக்கக்கூடும் என்பதால் இரும்பு வாளியில் மட்டும் அள்ளி, மரத்தளத்தில் வைக்காமல் தரையில் வைக்கவும். காலையில் மூடியைத் திறந்தால், முந்தைய நாள் போட்ட கரியில் கணிசமான பங்கு எரியாமல் அப்படியே கருப்பாகக் கிடக்கும். அதை ஒரு குச்சியால் கிளறி, சாம்பலும் தூளும் துளைகளின் வழியே கீழே விழும்படி செய்து, கீழ்க் கதவு வழியாக வாரி எடுத்துவிட்டு, அதன் மேலேயே புதுக் கரியைப் போட்டு நிரப்பலாம். ஏற்கெனவே ஒருமுறை சூடுகண்ட அந்தப் பழைய துண்டுகளில் சிலவற்றை நடுக்குழியைச் சுற்றி வைத்தால் அவைதான் முதலில் பற்றும், அவற்றிலிருந்து வரும் வெள்ளைப் புகையும் குறைவாகவே இருக்கும்.